மார்ச் ஒன்பது நோட்டீஸ்

பைன் ஸ்பர் பெண்கள் சிறையில் ட்ரீனா மோஸ்லிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. காரியம் ஆக வேண்டியவர்கள் 'வக்கீலம்மா' என்பார்கள். காரியம் முடிந்தவர்கள் 'குப்பை பொறுக்கி' என்பார்கள். நெட்டி பாஸ்வெல் ஆரம்பத்தில் இரண்டாவது பெயரைத்தான் வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்ல அவளுக்கு உரிமையும் இருந்தது. ட்ரீனா பொறுக்கியது நெட்டியின் குப்பையைத்தானே.

சி பிளாக் தாழ்வாரத்தைக் கூட்டித் துடைப்பது, அறிவிப்புப் பலகையில் காலாவதியான நோட்டீஸ்களைக் கிழித்தெடுப்பது, எல்லாவற்றையும் வண்டியில் போட்டுப் பின்கட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது, இவை நெட்டியின் வேலை. வண்டி சட்ட நூலகத்தைத் தாண்டும்போது, அங்கே எழுத்தர் வேலை பார்க்கும் ட்ரீனா எழுந்து வந்து கையை உள்ளே விட்டுவிடுவாள். சலவை நாள் மாற்றம், இரண்டு நாள் வெந்நீர் வராது, ஈஸ்டர் அன்று பார்வையாளருக்கு அனுமதி இல்லை, எந்தக் காகிதமானாலும் அவளுக்கு ஒன்றுதான். கசங்கலை நீவி, பின்பக்கம் அன்றைய தேதியை எழுதி, தன் பெட்டிக்குள் வைத்துக்கொள்வாள்.

"ஏன்டீ, வெந்நீர் வராததை எல்லாம் வெச்சு என்ன பண்ணப் போறே? ஃப்ரேம் போட்டு மாட்டப் போறியா?" என்பாள் நெட்டி.

"உங்க வேலை தள்ளுறது, தள்ளுங்கக்கா. என் வேலை பொறுக்குறது" என்பாள் ட்ரீனா. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இருக்காது. அவளுக்கு வயது முப்பத்தேழு. நெட்டிக்கு அறுபத்தொன்று.

உள்ளே வருவதற்கு முன் நெட்டி பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீடு தீப்பிடித்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த கணவனின் தம்பி இறந்துபோனான். கொளுத்தியது நெட்டிதான் என்றது அரசுத் தரப்பு. சுவருக்குள் ஓடிய பழைய மின்கம்பிதான் காரணம் என்று தீ விபத்து ஆய்வாளர் ஒருவர் எழுதிய மூன்று பக்க அறிக்கை, அவளுடைய வக்கீலின் கோப்புக்குள்ளேயே கிடந்தது. அந்தப் புண்ணியவான் அதை ஜூரிகளிடம் காட்டவே இல்லை. ஆயுள் தண்டனை விழுந்து பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. மாநில நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. கடைசித் தள்ளுபடி உத்தரவை எடுத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், தான் கிண்டல் செய்த குப்பை பொறுக்கியிடமே வந்து நின்றாள் நெட்டி.

ட்ரீனா உத்தரவைப் படிக்கவில்லை. அதன் தேதியைத்தான் பார்த்தாள். சுவரில் இருந்த காலண்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மத்திய நீதிமன்றத்துல ஆட்கொணர்வு மனு போடலாம். அதுக்கு ஒரு வருஷம் கெடு. மாநிலத்துல மனு நிலுவையில இருக்குற வரைக்கும் அந்தக் கடிகாரம் நிக்கும். நீங்க அப்பீல் தோத்ததுக்கும் மாநில மனு போட்டதுக்கும் நடுவுல எத்தனை நாளு தெரியுமா? முன்னூத்தி நாப்பத்தாறு. அவ்வளவு நாளும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"அழுதுட்டிருந்தேன்."

"அழுதா கடிகாரம் நிக்காதுக்கா. பாக்கி பத்தொம்பது நாள். மார்ச் பன்னெண்டு, செவ்வாய்க்கிழமை."

"அதுக்கு அடுத்த நாள் போட்டா?"

"கம்பி பத்திக்கிச்சா, நீங்க பத்த வெச்சீங்களான்னு எந்த ஜட்ஜும் படிக்கவே மாட்டாரு. தேதியைப் பாப்பாரு, மூடி வெச்சுடுவாரு. அத்தோட சரி. வேற கதவு கிடையாது."

நெட்டி காலண்டரில் அந்தச் செவ்வாய்க்கிழமையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ட்ரீனா வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! நூலகத்தில் ஒருவருக்கு ஒரு மணி நேரம்தான். மற்ற நேரத்தில் எல்லாம் அடுக்குப் படுக்கையில் கால் மடக்கி உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்துக் கையால் எழுதினாள். எந்தெந்தப் புகாரை மாநில நீதிமன்றத்தின் கடைசிப் படிவரை கொண்டுபோயிருக்கிறோமோ அவற்றை மட்டும்தான் இங்கே சொல்லலாம் என்று, நெட்டி ஆசை ஆசையாகச் சொன்ன பதினோரு குறைகளில் ஒன்பதை அடித்துவிட்டாள். தட்டில் சோளக் கஞ்சி ஆறிப்போய்க் கட்டியாகிக் கிடக்கும், எழுதிக்கொண்டே இருப்பாள். மார்ச் எட்டு, வெள்ளிக்கிழமை, மனு நெட்டி கைக்கு வந்தது.

"நல்லா கேட்டுக்கங்க. நம்மளை மாதிரி உள்ள இருக்குறவங்களுக்கு, மனுவை ஆபீசர் கையில குடுக்குற நாள்தான் தாக்கல் பண்ணின நாள். கோர்ட்டுக்கு என்னிக்குப் போய்ச் சேந்தாலும் பரவாயில்ல. ஆனா கையில குடுக்கணும். திங்கக்கிழமை தபால் ஆபீசர் கில்லம் வருவாரு. அவரு சட்டத் தபால் பதிவேட்டுல எழுதணும், நீங்க கையெழுத்துப் போடணும். பொதுப் பெட்டியில மட்டும் போட்டீங்க, அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க."

"எத்தனை தடவைடீ சொல்லுவே? நான் நாப்பது பிள்ளைங்களை வெச்சு பஸ் ஓட்டினவ."

சனிக்கிழமை காலை சமையலறையில் ஒரு கத்தி காணாமல் போனது. அவ்வளவுதான், லாக்டவுன். அவரவர் அறையில் அவரவர். ட்ரீனா ஏ பிளாக்கில் அடைபட்டுக் கிடந்தாள், நெட்டி சி பிளாக்கில். துடைப்பதற்காக நெட்டிக்கு மட்டும் தினமும் அரை மணி நேரம் கதவைத் திறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை கில்லம் வரவில்லை. பலகையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது: மார்ச் 9 முதல் லாக்டவுன் முடியும்வரை சி பிளாக்கினர் சட்டத் தபால் உட்பட எல்லாத் தபால்களையும் தாழ்வாரப் பெட்டியில் போடவும்.

நெட்டி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க ஆள் இல்லை. மறுநாள் கெடு. பெட்டிக்குள் உறையைப் போட்டாள்.

லாக்டவுன் பதினெட்டாம் தேதிதான் முடிந்தது. கத்தி, கழுவும் தொட்டியின் அடியிலேயே கிடந்ததாம். அன்றைக்கு நெட்டி பலகையைச் சுத்தம் செய்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ட்ரீனா வழக்கம்போலக் கையை விட்டு, துடைப்ப நீர் பட்டு ஓரம் பழுப்பேறிய அந்த நோட்டீஸை எடுத்தாள். படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, நீங்க பெட்டியிலயா போட்டீங்க?"

அந்த நொடியில் நெட்டிக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பதினைந்து நாள் கண்விழித்தவளின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு தானாகப் புரண்டது.

"சேச்சே. நான்தான் வெளிய துடைச்சிட்டிருந்தேனே. கில்லமைத் தாழ்வாரத்துல பிடிச்சுக் கையில குடுத்துட்டேன். கையெழுத்தும் போட்டுட்டேன்."

"பதினொண்ணாந் தேதியா?"

"பதினொண்ணாந் தேதி."

ட்ரீனா பெருமூச்சு விட்டாள். நோட்டீஸை நீவித் தேதி எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அறுபத்தொரு வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பொய் சொல்லிவிட்டு, நெட்டி வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

மே மாதம் பெரிய சோதனை வந்தது. புதிதாக வந்த லெப்டினன்ட் ஒரு விதியைத் தூசு தட்டி எடுத்தார். ஒரு கைதியின் காகிதங்கள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்க வேண்டும், மூடி மூட வேண்டும். மூடாவிட்டால் மிஞ்சியது குப்பைக்கு. ட்ரீனாவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அன்று ஏ பிளாக் ஆளுக்கு உடம்பு சரியில்லாததால் குப்பை வண்டியோடு வாசலில் நின்றது நெட்டிதான்.

தரையில் இரண்டு குவியல்கள் கிடந்தன. ஒன்று, பன்னிரண்டு வருட நோட்டீஸ்கள். மற்றொன்று, ஷூ கயிற்றால் கட்டிய மூன்று கட்டுகள்: ட்ரீனாவின் சொந்த வழக்கின் விசாரணைப் பதிவு, தொள்ளாயிரம் பக்கம். இரண்டில் ஒன்றுதான் பெட்டிக்குள் போகும்.

"நின்னு என்னடீ பாக்குறே? அந்தக் கந்தலை வண்டியில போடு" என்றாள் நெட்டி.

ட்ரீனா குனிந்து மூன்று கட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் வைத்தாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? உன் கேஸுடீ அது!"

"பாத்துத் தள்ளுங்கக்கா. கனமா இருக்கும்" என்றாள் ட்ரீனா. பிறகு பெட்டியின் மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து அதை மூடினாள்.

கனமாகத்தான் இருந்தது. பின்கட்டில் கொட்டும்போது நெட்டி தலையில் அடித்துக்கொண்டாள். வெந்நீர் வராத நோட்டீஸுக்காக ஒருத்தி தன் வாழ்க்கையையே தூக்கிப் போடுவாளா என்று அன்று முழுவதும் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

ஜூன் மாதம் அரசுத் தரப்பின் பதில் வந்தது. மனு காலம் கடந்தது, நீதிமன்ற முத்திரை மார்ச் 22, சிறையின் சட்டத் தபால் பதிவேட்டில் பாஸ்வெல் என்ற பெயரே இல்லை, பதிவேட்டின் நகல் இதோ. மறுமொழிக்கு இருபத்தொரு நாள் அவகாசம். நெட்டி அதை மெத்தைக்கு அடியில் வைத்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். எதிரே பார்த்தால் ட்ரீனா, "இன்னும் ஒண்ணும் வரலையாக்கா?" என்பாள். நெட்டி இல்லையென்று தலையாட்டுவாள். இருபத்தொரு நாளும் அப்படியே போயின.

ஆகஸ்டில் உத்தரவு வந்தது. மறுமொழி இல்லை, பதிவு இல்லை, மனு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு அனுமதியும் மறுக்கப்படுகிறது. மின்கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ட்ரீனா சொன்ன மாதிரியே தேதியைப் பார்த்து மூடி வைத்துவிட்டார்கள். நெட்டி வண்டியை நடுத் தாழ்வாரத்தில் விட்டுவிட்டு நூலகத்துக்குப் போய், எல்லாக் காகிதத்தையும் மேஜைமேல் வைத்து, எதிரே உட்காராமல் நின்றாள்.

"நான் பெட்டியிலதான் போட்டேன் ட்ரீனா. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். இதுவும் ஜூன்லயே வந்துடுச்சு. பயந்து மறைச்சுட்டேன்."

ட்ரீனா ஒவ்வொரு காகிதமாகப் படித்தாள். நெட்டி திட்டுக்காகக் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"என் மனு நாலு நாள் லேட்டு," என்றாள் ட்ரீனா கடைசியில், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "லாக்டவுன்ல இருந்தேன்னு எழுதினேன். எதை வெச்சு நம்புறதுன்னு கோர்ட்டு கேட்டுச்சு. ஒரு துண்டுக் காகிதம் இல்ல என்கிட்ட. சிறையில கேட்டா, பழைய நோட்டீஸெல்லாம் நாங்க வெச்சுக்குறதில்லைன்னுட்டாங்க. அத்தோட என் கதவு சாத்தியாச்சு. உள்ள இருக்குறதை யாருமே படிக்கல."

பெட்டியைத் திறந்தாள். தேடக்கூட இல்லை. விரல் நேராகப் போய் நின்றது. ஓரம் பழுப்பேறிய மார்ச் ஒன்பது நோட்டீஸ் மேஜைக்கு வந்தது.

நெட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் கையால் கிழித்து, தன் கையால் குப்பையில் போட்டது. மே மாதம் தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று கத்தியதும் இதைத்தான்.

"உத்தரவு போட்டு ஒம்பது நாள் ஆச்சு," என்றாள் ட்ரீனா. "தீர்ப்பை மாத்துங்கன்னு கேக்க இருபத்தெட்டு நாள். பாக்கி எவ்வளவு?"

"பத்தொம்பது" என்றாள் நெட்டி. "மறுபடியும் பத்தொம்பது."

"உக்காருங்க. சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதணும். எத்தனை மணிக்குத் துடைக்க விட்டாங்க, எந்தப் பெட்டி, தபால் தலை ஒட்டியிருந்தீங்களா, எல்லாம். ஒரு சொட்டுப் பொய் இருந்தாலும் நான் எழுந்து போயிடுவேன்."

"இனிமே செத்தாலும் சொல்லமாட்டேன்டீ."

நோட்டீஸின் நகலை 'இணைப்பு பி' என்று சேர்த்து, மனுவைக் கில்லம் கையில் கொடுத்து, பதிவேட்டில் நெட்டி கையெழுத்துப் போட்டபோது ட்ரீனா பக்கத்திலேயே நின்றாள். கில்லம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போதுமா, வக்கீலம்மா? என் கைரேகையும் வேணுமா?" என்று கேட்டார்.

அக்டோபரில் மூன்றே வரியில் பதில் வந்தது. இந்தக் காகிதத்தை முன்பே காட்டியிருக்கலாம், மனு நிராகரிக்கப்படுகிறது. நெட்டி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். தலையை நிமிர்த்திப் பார்த்தால் ட்ரீனா முகத்தில் ஏமாற்றமே இல்லை.

"அவரு ஒத்துக்குவாருன்னு நான் நெனைக்கவே இல்லக்கா. மேல் கோர்ட்டுல இருக்குறவங்க, கீழ் கோர்ட்டு கோப்புல இருக்குற காகிதத்தைத்தான் பாப்பாங்க. புதுசா ஒண்ணை நீட்டினா தொடமாட்டாங்க. இப்ப நம்ம நோட்டீஸ் கோப்புக்குள்ள போயிடுச்சு. அவரு வேண்டாம்னு சொன்னாலும் அது உள்ளதான் இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான்."

நெட்டி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பள்ளிக்கூடப் படிப்பைக்கூட உள்ளே வந்துதான் முடித்தவள். கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் மூன்று பக்க அறிக்கையைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டே நெட்டியின் வழக்கைக் கோட்டைவிட்டார். இவளோ தோற்கப்போகும் மனுவைத் தெரிந்தே போட்டு, ஒற்றைக் காகிதத்தை உள்ளே ஏற்றிவிட்டாள். என்ன மூளை, என்ன பொறுமை! நெட்டிக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டால் அதற்கும் திட்டுவாள்.

"இனிமே அப்பீலா?"

"முப்பது நாளைக்குள்ள அப்பீல் அறிவிப்பு. ஆனா அப்பீலை விசாரிக்கணும்னா மேல் கோர்ட்டு மொதல்ல அனுமதிச் சான்று குடுக்கணும். தேதி விஷயமும் வாதாடக்கூடியது, உள்ள இருக்குற புகாரும் வெத்துப் பேச்சு இல்லைன்னு ரெண்டையும் காட்டணும்."

"கதவைத் தட்டலாமான்னு கேக்க ஒரு கதவா? இதை எவன்டீ கட்டினான்?"

"கட்டினவன் உள்ள இருந்து பாத்ததில்ல" என்றாள் ட்ரீனா. நெட்டி அவள் வாயிலிருந்து கேட்ட முதல் ஜோக் அதுதான்.

அனுப்பினார்கள். குளிர்காலம் வந்து போனது. ஆறு மாதம் ஒரு சத்தமும் இல்லை. ஏப்ரலில் ஒரு நாள் சட்டத் தபால் அழைப்பில், "பாஸ்வெல்!" என்று கில்லம் குரல் கொடுத்தார். நெட்டி ஜன்னலருகே போய், பதிவேட்டு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள்.

"ஆபீசர், இன்னிக்கு பதினேழு. நீங்க பதினாறுன்னு போட்டிருக்கீங்க."

"அடக் கடவுளே, அவ உன்னையும் கெடுத்துட்டாளா?" என்று கில்லம் அடித்து எழுதினார். நெட்டி கையெழுத்துப் போட்டாள்.

உறை மெல்லிசாக இருந்தது. மெல்லிசு என்றால் நிராகரிப்பு என்று நெட்டி கேள்விப்பட்டிருந்தாள். பிரிக்காமலே நூலகத்துக்குக் கொண்டுபோய் ட்ரீனா முன்னால் வைத்தாள்.

"நீயே பாரு. எனக்குத் தெம்பில்ல."

ட்ரீனா பிரித்தாள். இரண்டு பக்கம். முதல் பக்கத்தைப் படித்துத் திருப்பினாள். இரண்டாவது பக்கத்தின் நடுவில் அவள் விரல் நின்றது. நின்ற இடத்திலேயே இருந்தது.

"இல்லையாடீ?" என்றாள் நெட்டி.

ட்ரீனா சத்தமாகப் படித்தாள். "சி பிளாக்கில் மார்ச் 9 முதல் தாழ்வாரப் பெட்டியே சட்டத் தபாலுக்கான வழியாக இருந்தது என்று இணைப்பு பி காட்டுகிறது. மனு காலம் கடந்ததா என்பது வாதத்துக்கு உரியது. அறிக்கையை முன்வைக்காத வக்கீலைப் பற்றிய புகாரும் அவ்வாறே. அனுமதி வழங்கப்படுகிறது."

விடுதலை இல்லை. வெற்றிகூட இல்லை. கதவைத் தட்டலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக மின்கம்பி அறிக்கையைப் பற்றி ஒரு நீதிபதி ஒரு வரி எழுதியிருந்தார். நெட்டி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்குக் குப்பை வண்டியின் கனம்தான் கையில் ஞாபகம் வந்தது.

"உன் கேஸை என் கையாலதான்டீ தள்ளிட்டுப் போய்க் கொட்டினேன். தொள்ளாயிரம் பக்கம். பைத்தியம்னு உன்னை ஊரெல்லாம் சொன்னேன்."

"அதை யாரும் இனிமே படிக்கப் போறதில்லக்கா," என்றாள் ட்ரீனா. விரல் இன்னும் அந்த வரியில்தான் இருந்தது. "என் நாலு நாளுக்கு அதுல பதில் இல்ல. இதுல இருக்கு."

அந்த வரியை அவள் மறுபடி ஒரு தடவை படித்தாள், இந்தத் தடவை சத்தமில்லாமல். பிறகு சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு காலண்டரை இழுத்தாள்.

"வாதத்தை எழுதிக் குடுக்க நாப்பது நாள்தான். உக்காருங்க."

நெட்டி உட்கார்ந்தாள். பேனாவை எடுத்து, முதல் வேலையாகத் தாளின் மேலே தேதியை எழுதினாள்.